நாகர்கோவிலுக்குப் போகாதவர்கள்

1

மட்டுவில் சனசமூக நிலையத்தின் ஆண்டு மலருக்கு வெளிநாட்டு அனுபவம் எழுதித் தரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. கனடாவிலிருந்து மூன்று பேர் எழுதுகிறார்களாம், லண்டனிலிருந்து இரண்டு பேராம். இந்தியாவிலிருந்துதான் ஆள் கிடைக்கவில்லையாம். கனடாக்காரர் எப்படியும் பனியைப் பற்றி எழுதிவிடுவார்கள். எனக்கு எழுதப் பனி இல்லை. நான் இருப்பது தாம்பரத்துக்குப் பக்கத்தில், மாடம்பாக்கத்தில். இங்கே இருப்பது வெயிலும் தண்ணீர் லொறியும்தான். கடலைத் தாண்டினால் எல்லாம் வெளிநாடு என்று நீங்கள் எடுத்துக்கொண்டால் எழுதலாம்.

எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போன கிழமை ஒன்று நடந்தது. எங்கள் சனம் அங்கே சாகிறது என்று இந்த ஊர்ச் சனம் தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் கொட்டுகிற மழையில் கைகோர்த்து நின்றது. கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு வரிசை. பஸ்ஸுக்குக் காத்திருந்த நான் பஸ்ஸை மறந்து நின்று பார்த்தேன். அந்த வரிசையில் ஒரு தெரிந்த முகம். சேலையூரில் வாடகை வீடு பிடித்துத் தருகிற புரோக்கர் தணிகாசலம். குடை இல்லை, சட்டை உடம்போடு ஒட்டியிருக்கிறது. ஒரு கையால் காலேஜ் மாணவன் ஒருவனையும் மறு கையால் பூக்காரம்மா ஒருவரையும் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

ஐந்து வருடத்துக்கு முன்பு எனக்கு வீடு காட்ட மறுத்தவர் இவர்தான். அதற்காக அவர் அன்றைக்குப் பொய்யாக நின்றார் என்று நான் சொல்லமாட்டேன். உண்மையாகத்தான் நனைந்தார், உண்மையாகத்தான் கத்தினார். அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன். நல்ல கதையில்லை. மலரில் போடலாமா விடலாமா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

2

சாவகச்சேரிப் பக்கம் எல்லாம் இடிந்து கொட்டுண்ட வருடம் நானும் மகள் தர்சினியும் படகேறினோம். அவளுக்கு அப்போது ஆறு வயது. என் கணவர் அதற்கு முன்பே சுவிசுக்குப் போய் அகதி வழக்குப் போட்டிருந்தார். அந்த வழக்கு இன்றைக்கும் முடியவில்லை. நாங்கள் மண்டபம் முகாமில் கொஞ்சக் காலம் இருந்தோம். பிறகு வெளியே வசிக்க அனுமதி வாங்கிப் போரூரில் ஒரு அறை எடுத்தோம். வெளியே இருக்கிற அகதி, தான் இருக்கிற பகுதிப் பொலிஸ் நிலையத்தில் பதிய வேண்டும். வீடு மாறினால் பதிவையும் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். ஆனால் பதிவு என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டுக்காரர் வீடு தரமாட்டார். இந்தச் சுற்றுக்குள் நாங்கள் சுற்றிக்கொண்டிருந்தோம்.

போரூர் அறையை இடித்துக் கட்டப்போகிறோம் என்று எழுப்பிவிட்டார்கள். அப்போதுதான் தணிகாசலத்திடம் போனேன்.

"எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

"யாழ்ப்பாணம்."

"அட, சிலோனா! டிவில பாத்தா மனசு பேஜாரா கீதும்மா. எம்மாம் கஷ்டம்! கொயந்தைக்கு இன்னா சாப்ட குடுத்தே?"

எனக்கு டீயும் தர்சினிக்குப் பாலும் பன்னும் வாங்கித் தந்தார். நான் குடித்து முடித்த பிறகுதான் சொன்னார்: "ஆனா வூடு மட்டும் கேக்காதம்மா. சிலோன் பார்ட்டின்னா ஓனருங்க ஒத்துக்க மாட்டாங்க. போலீஸு வந்துகினு போய்கினு இருக்கும், அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி பேசுவாங்க. தப்பா நெனைச்சுக்காத."

தப்பாக நினைக்கவில்லை. அதற்குப் பிறகு பார்த்த நான்கு இடத்திலும் இதே பேச்சு. சில இடத்தில் அந்தப் பாலும் பன்னும்கூட இல்லை. இந்த ஊர்க்காரருக்கு எங்களில் இரக்கம் உண்டு. அது தெருவரைக்கும் வரும், கேட்டைத் தாண்டி உள்ளே வராது. ஐந்தாவது இடத்தில் எந்த ஊர் என்று கேட்டபோது என் வாய் தானாக "நாகர்கோவில்" என்றது. எங்கள் பேச்சு நாகர்கோவில் பேச்சுப் போல் இருக்கிறது என்று போரூரில் ஒரு காய்கறிக்காரர் எப்போதோ சொன்னது எனக்கு அந்த நேரத்தில் உதவியது.

அந்த ஐந்தாவது வீடுதான் ஜமீலா அக்காவின் வீடு.

3

ஜமீலா அக்காவின் புருஷனுக்குக் கிழக்குத் தாம்பரத்தில் பெயின்ட் கடை. எல்லாரும் அவரைப் பாய் என்பார்கள். கீழே முன்பக்கம் அவர்கள், பின்பக்கம் ஒரு அறையும் குசினியும் எங்களுக்கு. மாடியில் இன்னொரு குடித்தனம். சாவியைத் தரும்போது அக்கா சொன்னார்: "எங்களுக்கே ஒரு காலத்துல யாரும் வீடு தரலம்மா. பேரைக் கேட்டதும், 'அடடா, இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்'னுவாங்க. அதான் நாலு சுவரா இருந்தாலும் சொந்தமா கட்டிக்கிட்டோம்."

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னவரின் முகம் அப்படிப்பட்ட முகம். ஆனால் தெருத் தெருவாகப் பிள்ளையை இழுத்துக்கொண்டு திரிந்தவளுக்குக் கையில் வந்த சாவியைப் பற்றித்தான் யோசனை போகும். சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டேன். பதிவு போரூரிலேயே கிடந்தது.

அன்றிலிருந்து நாங்கள் நாகர்கோவில்காரர். என் கணவர் துபாயில் இருக்கிறார். தர்சினிதான் எனக்கு வாத்தியார். "அம்மா, கதைக்கிறதுன்னு சொல்லாத, பேசுறதுன்னு சொல்லு. ஓம்னு சொல்ல வந்தா தலையை மட்டும் ஆட்டு, வாயைத் திறக்காத." பள்ளிக்கூடத்தில் யாரோ எறிந்த பழைய அட்லஸிலிருந்து கோட்டாறு, வடசேரி, பார்வதிபுரம் என்று ஊர்ப் பெயர்களைக் கொப்பியில் எழுதி என்னைப் பாடமாக்க வைத்தாள். அவள் விளையாட்டாகத்தான் தொடங்கினாள். இரண்டு வருடத்தில் அவளுக்கு நடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. தகப்பன் சுவிசிலிருந்து எடுத்து "என்னப்பா செய்யிறியள் பிள்ளை?" என்று கேட்டால், "நல்லா இருக்கேன்ப்பா, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்று ரெலிபோனை என்னிடம் தள்ளிவிடுவாள். நான் அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவேன், அங்கேதான் எங்கள் பேச்சைப் பேசலாம். மகள் என்னோடு கதைப்பதில்லையே என்று அவர் கேட்கும்போது படிப்பு கூடிப்போச்சு என்று அவருக்கும் ஒரு பொய்.

என்னால் விடமுடியாதது ஒன்று இருந்தது, மிளகாய்த்தூள். இங்கே கடையில் விற்கிற தூள் வறுக்காத பச்சைத் தூள், எங்கள் கறிக்கு அது சரிவராது. செத்தல் மிளகாயும் மல்லியும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் கறுக்காமல் சிவக்க வறுத்து இடித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அந்த வாசம் எங்கள் வளவுகளில் எப்படிப் பரவும் என்று உங்களுக்குத் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை. ஜமீலா அக்கா ஞாயிறு காலையில் பல்லாவரத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவார். நான் ஞாயிறு காலையில் யன்னல் எல்லாம் சாத்திவிட்டு, கண்ணால் தண்ணீர் ஓட, களவெடுக்கிறவள் போல் தூள் வறுப்பேன்.

தீபாவளியும் பொங்கலும் வந்தால் தாம்பரத்தைப் பார்க்க வேண்டும். தெற்கே போகிற சனம் முழுக்க இங்கே வந்துதான் பஸ் ஏறும். பையும் பிள்ளையும் புது உடுப்புப் பெட்டியுமாக ரோட்டோரம் நிரம்பி வழிந்து, இரண்டு நாளில் எல்லாரும் போய்விடுவார்கள். எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டு. மதுரைக்காரர் மதுரைக்கு, திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலிக்கு. பொத்தேரியில் படிக்கிற பிள்ளைகள்கூடப் போய்விடும். நானும் தர்சினியும் ரிவி பார்த்துக்கொண்டிருப்போம். பூட்டிய வீடுகளைப் பார்க்கப் பொறாமையாக இருக்கும். பொறாமையோடு நிறுத்திக்கொண்டேன், அதற்கு மேல் நான் யோசித்திருக்க வேண்டும்.

4

அங்கே சண்டை மறுபடி தொடங்கி, சனம் மறுபடி படகேறிய வருடம் அது. தீபாவளிக்கு ஒரு கிழமை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. மாடிக் குடித்தனம் காலி செய்து போய், கேட்டில் "வீடு வாடகைக்கு" என்ற போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. நான் யன்னலைச் சாத்திவிட்டுத் தூள் வறுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் தர்சினி கணக்குச் செய்துகொண்டிருந்தாள்.

ஜமீலா அக்கா அன்றைக்கு ஏனோ பல்லாவரத்தில் தங்காமல் நேரத்தோடு திரும்பிவிட்டார். "கொஞ்சம் வெளிய வாயேன்" என்று அவர் குரல் கேட்டது. தூள் படிந்த கையோடு போனேன்.

கேட்டடியில் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, கையில் கடதாசிகள் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். அவள் இன்னும் பொய் பழகவில்லை. "நாங்கள் சிலோன் அக்கா. மன்னார்ப் பக்கம். அவர் பல்லாவரத்தில வேலைக்குப் போறார். பதிவுக் கடிதமெல்லாம் கிடக்கு, காட்டுறன்" என்று ஜமீலா அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னோடு வாசமும் வெளியே வந்துவிட்டது. அவள் பேச்சை நிறுத்திவிட்டு மூச்சை இழுத்தாள். அவள் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"அக்கா, தூள் வறுக்கிறியளோ?" என்றாள். அந்தக் கேள்வியோடு அவளுடைய களைப்பெல்லாம் போய்விட்டது போல் இருந்தது.

நான் சொன்னேன்: "மசாலாங்க. எங்க நாகர்கோவில்ல இப்படித்தான் வறுப்போம்."

அவள் என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். பிறகு ஜமீலா அக்காவைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கும் அவளுக்கு விளங்கியது விளங்கிவிட்டது. அவள் ஒரு சொல் சொன்னால் என் வீடு போயிருக்கும். ஆனால் அவள் அக்காவின் பக்கம் திரும்பி, "ஓம் அக்கா, நாகர்கோவில்லயும் இப்பிடித்தான் வறுப்பினமாம், எனக்குச் சொல்லியிருக்கினம். எங்கட வாசம் மாதிரிக் கிடந்திச்சு, அதுதான் கேட்டுப்போட்டன். குறை நினையாதேங்கோ" என்றாள். என் பொய்க்கு அவள் சாட்சி சொன்னாள்.

ஜமீலா அக்கா என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய்க் கேட்டார்: "மாடிய இவங்களுக்குக் குடுக்கலாமா? நீ சொல்லு. நீ இங்கயே இருக்கிறவ, உன் மனசுக்கு என்ன படுது?"

"வேணாம்க்கா. சிலோன்காரங்கன்னா போலீஸ் வந்துகிட்டுப் போய்கிட்டு இருக்கும். அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி பேசுவாங்க."

தணிகாசலத்தின் வார்த்தைகள். டீ குடித்த அன்று என் காதில் விழுந்தவை ஒன்றும் குறையாமல் என் வாயால் வந்தன. மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் கேட்டடிக்குக் கேட்டிருக்கும். பொலிஸ் மாடிக்கு வந்தால் கீழேயும் கேட்கும், என் பதிவு எங்கே என்று கேட்கும், பிறகு நானும் பிள்ளையும் எங்கே போவது. என் பயம் அதுதான். பயந்ததில் பிழையில்லை என்று இன்றைக்கும் என்னை நானே சமாதானப்படுத்திப் பார்க்கிறேன். சமாதானம் வரவில்லை.

ஜமீலா அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டடிக்குப் போனார். "இல்லம்மா, இன்னொருத்தருக்குப் பேசிட்டோம்" என்றார். தூள் காரத்துக்குக் குழந்தை தும்மியது. அந்தப் பெண் குழந்தைக்குத் தண்ணீர் கேட்டாள். நான் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்க வைத்துவிட்டு டம்ளரைத் திருப்பித் தந்து, "போட்டு வாறன் அக்கா" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

உள்ளே வந்ததும் தர்சினி பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். "செமயா சமாளிச்சம்மா! ஒரு வார்த்தைகூட நம்ம ஊர் மாதிரி வரல."

சட்டியில் மிளகாய் கருகிவிட்டிருந்தது.

5

உங்களில் வயது போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வலிகாமத்துச் சனம் முழுக்க ஊரைவிட்டு வெளிக்கிட்டு மழையோடு எங்கள் பக்கம் வந்த காலம். மட்டுவிலில் மரத்துக்கு மரம் ஒரு குடும்பம். எங்கள் வளவுக்குள் ஐந்து குடும்பம் இருந்தது. முதல் மூன்று நாள் அம்மா எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சினார். நாலாம் நாள் கிணற்றுத் தண்ணீர் கலங்கத் தொடங்கியது. அம்மா போய் வாளியைக் கயிற்றோடு கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். ஒருவரையும் ஏசவில்லை, போகச் சொல்லவுமில்லை. வாளியைக் கழற்றினார், அவ்வளவுதான். பின்னேரம் இரண்டு குடும்பம் தங்கள் பாட்டில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனது.

நான் அன்றைக்கு அம்மாவோடு பெரிய சண்டை பிடித்தேன். "நாளைக்கு நாங்களும் இப்பிடிப் போனால் தெரியும்" என்று கத்தினேன். கைக்குழந்தையாக இருந்த தர்சினியைத் தூக்கிக்கொண்டு போய் மற்றக் குடும்பங்களோடு மரத்தடியில் இருந்தேன். நான் அம்மா மாதிரி இல்லை என்று எனக்கு அப்போதிருந்தே ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையைக் கடலைத் தாண்டியும் கொண்டுவந்திருந்தேன். அம்மா இப்போது இல்லை. இருந்தால் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

6

தீபாவளிக்கு முதல்நாள் மத்தியானம் ஜமீலா அக்கா எங்கள் பக்கம் வந்தார். தெரு வெறிச்சென்று கிடந்தது. எதிர்வீடு பூட்டு, பக்கத்து வீடு பூட்டு. அவர் வாசற்படியில் உட்கார்ந்து, "ஏன் ஒரு வாரமா மூஞ்சி சரியில்ல?" என்றார். நான் ஒன்றுமில்லை என்றேன்.

"நாகர்கோவிலுக்கு எப்ப போகப்போற?"

"லீவு கிடைச்சா போகணும்க்கா."

"மூணு வருஷமா இங்க இருக்கிற. மூணு தீபாவளி பாத்தாச்சு, மூணு பொங்கல் பாத்தாச்சு. தாம்பரமே மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போகுது. நீ ஒரு தடவை போகல. ஒரு சாவு, ஒரு கல்யாணம், அங்கருந்து ஒருத்தர்கூட உன்னைத் தேடி வரல. ஊரு இருக்கிறவ இப்படி இருப்பாளா?"

ஊர்ப் பெயர்களை எல்லாம் பாடமாக்கியிருந்தேன், பேச்சை மாற்றியிருந்தேன், யன்னலைச் சாத்தியிருந்தேன். ஊர் உள்ளவர்கள் ஊருக்குப் போவார்கள் என்பது மட்டும் எனக்கும் தோன்றவில்லை, கெட்டிக்காரி தர்சினிக்கும் தோன்றவில்லை. போக ஊரில்லாதவர்கள்தான் இப்படி ஒரு பிழை விடுவார்கள்.

"முதல் தீபாவளியிலயே எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. "பாய்க்கும் தெரியும். உனக்கா சொல்லணும்னு தோணுறப்ப சொல்லுன்னு விட்டுட்டோம். அன்னிக்கு அந்தப் பொண்ணு வந்தப்ப, அதான் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ சரின்னு சொல்லியிருந்தா அப்பவே சாவியைக் குடுத்திருப்பேன். நீயே வேணாம்னு சொல்றப்ப எனக்கு பயமாயிடுச்சு. அந்தப் பொண்ணைப் பத்தி இவளுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியுமான்னு."

நான் அழுதேன். அக்கா என்னைத் தேற்றவில்லை. தேற்றாமல் பக்கத்தில் இருந்தார், அதுவே பெரிது.

அடுத்த கிழமை பாய் என்னோடு பொலிஸ் நிலையத்துக்கு வந்தார். வீட்டுக்காரர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். படம் மூன்று, நகல் இரண்டு, போரூரிலிருந்து ஒரு கடிதம் என்று ஐந்து தடவை அலைந்தேன். எழுதுகிறவர் "சொந்த ஊர்?" என்றதும் "நாகர்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். மட்டுவில் என்றேன். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை ஒரு ஆளுக்கு முன்னால் சத்தமாகச் சொன்னேன்.

தர்சினி என்னோடு பத்து நாள் பேசவில்லை. பிறகு, "எனக்கு இதுதான்மா ஊரு. ஸ்கூல்ல என்னை அகதின்னு கூப்பிட்டா நீயா வந்து பதில் சொல்லுவ?" என்றாள். நான் கற்றுக்கொடுத்ததை அவள் நன்றாகப் படித்திருக்கிறாள்.

அந்தப் பெண்ணைத் தேடினேன். பல்லாவரத்தில், குரோம்பேட்டையில், பொத்தேரிவரைக்கும் வீடு காட்டுகிறவர்களிடம் எல்லாம் கேட்டேன். கடைசியில் தணிகாசலத்திடமும் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "கொயந்தையத் தூக்கிகினு ஒரு பொண்ணா? ஃபைலு ஒண்ணு வெச்சிகினு? வந்துச்சும்மா. பாவம். வூடு இல்லன்னுட்டேன். எங்க போச்சோ, யாருக்குத் தெரியும்?" என்றார். எனக்கும் ஒரு டீ சொல்லவா என்று கேட்டார்.

இரண்டு வருடமாகிறது. கிருத்திகைக்குக் குன்றத்தூர் மலை ஏறும்போதெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறுகிற பெண்களின் முகத்தைப் பார்க்கிறேன். அந்தக் குழந்தை இப்போது தானே நடந்து ஏறுகிற வயதுக்கு வந்திருக்கும் என்பதை மறந்துவிடுகிறேன். ஞாயிறு காலைகளில் யன்னலைத் திறந்து வைத்துத்தான் தூள் வறுக்கிறேன். ஜமீலா அக்கா முன்பக்கத்திலிருந்து தும்மிக்கொண்டே ஏசுவார். நான் ஒரு கண்ணைக் கேட்டில் வைத்திருப்பேன்.

அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அதனால் இதை வாசிக்கிற உங்களிடம் கேட்கிறேன். மன்னார்ப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர் இருந்தால், இரண்டு வருடத்துக்கு முன்பு கைக்குழந்தையோடு படகேறி, பல்லாவரத்தில் வேலை செய்கிற கணவனோடு வீடு தேடி அலைந்த ஒரு பெண்ணைத் தெரியுமா என்று விசாரியுங்கள். தெரிந்தால் சொல்லுங்கள், மாடம்பாக்கத்தில் அந்த மாடி போன மாதம் மறுபடி காலியாகியிருக்கிறது. அக்கா இன்னும் போர்டு மாட்டவில்லை. தீபாவளி கழியட்டும் என்கிறார். அவள் நாகர்கோவில் என்று சொல்லத் தேவையில்லை, மன்னார் என்றே சொல்லலாம். தூள் என்னிடம் இருக்கிறது.